பெண்களின் சிறுதொழிலும் எரிசக்தியும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வளரும் நாடுகளில் பெண்கள் நடத்தும் சிறுதொழில்களைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். முதலில் எளிதானவை, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

எரிசக்தி வசதின்னா கரண்ட் இருக்குன்னுதானே அர்த்தம்?

கரண்ட் அதில் ஒரு பகுதி. ஒரு தொழிலுக்கு மூன்று விதமாக எரிசக்தி தேவைப்படும். விளக்கு, ஃபோன், குளிர்பதனப் பெட்டி இவற்றுக்கு மின்சாரம். சமைக்க, வறுக்க, அவிக்க, மீனைப் புகைபோட வெப்பம். அரைக்க, இடிக்க, தண்ணீர் இறைக்க இயந்திர விசை. மூன்றையும் மின்சாரத்தால் தர முடியும். ஆனால் ஏழை நாடுகளில் வெப்பம் பெரும்பாலும் விறகிலும் கரியிலும் இருந்துதான் வருகிறது. 2023 நிலவரப்படி உலகில் மின்சாரம் இல்லாதவர்கள் சுமார் 66 கோடிப் பேர். சுத்தமான சமையல் எரிபொருள் இல்லாதவர்கள் ஏறத்தாழ 210 கோடிப் பேர். இரண்டாவது எண் முதலாவதைப் போல மூன்று மடங்கு. இருந்தும் பேச்செல்லாம் முதலாவதைப் பற்றித்தான் நடக்கிறது.

இன்னொன்று, "இருக்கிறது", "இல்லை" என்று மட்டும் கணக்கெடுத்தால் உண்மை தெரியாது. உலக வங்கி 2015-ல் ஒரு படிநிலை அளவைக் கொண்டுவந்தது. அதில் முதல் படி என்பது 3 வாட், நாளுக்கு 4 மணி நேரம். ஒரு பல்பும் ஃபோன் சார்ஜும் அதோடு சரி. ஐந்தாம் படி 2 கிலோவாட், 23 மணி நேரம். இஸ்திரிப் பெட்டிக்கே ஏறக்குறைய 1,000 வாட் வேண்டும். ஆக, "எங்க வீட்டில் கரண்ட் இருக்கு" என்று இரண்டு பெண்கள் சொன்னால், ஒருவர் தையல் கடை வைக்கலாம், மற்றவர் விளக்கு மட்டும் போடலாம்.

எரிசக்திக்கு ஆண், பெண் தெரியுமா என்ன? இதுல பாலினம் எங்கே வந்துச்சு?

எரிசக்திக்குத் தெரியாது. யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்பதில் அது ஒளிந்திருக்கிறது. கானாவின் கடற்கரையில் மீனைப் புகைபோடுவது பெண்கள். புர்கினா பாசோவில் சோளத்தைக் காய்ச்சி 'டோலோ' என்ற பீர் செய்வது பெண்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஷியா என்ற மரத்தின் கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுப்பதும் மரவள்ளியைத் துருவி வறுப்பதும் பெண்கள். வெல்டிங், மரவேலை, வண்டி பழுது பார்ப்பது ஆண்கள். முதல் வகை வெப்பத்தைத் தின்னும். இரண்டாவது வகை மின்சாரத்தை நம்பும். ஊருக்கு மின்கம்பி மட்டும் வந்தால், முதல் நாளே யாருக்குப் பலன் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது நேரம். உலகத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி, உலகில் கூலியில்லாமல் நடக்கும் வீட்டு வேலை, பராமரிப்பு வேலை நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது, ஆண்களைவிட 3.2 மடங்கு. விறகு பொறுக்கவும் தண்ணீர் சுமக்கவும் போகும் நேரம் தொழிலிலிருந்து கழிகிறது. மூன்றாவது இடமும் பெயரும்: பெண்களின் தொழில் பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கிறது, வீடோ வேறொருவர் பெயரில் இருக்கிறது. இதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஒரே வார்த்தையில சொல்லுங்க: கரண்ட் வந்தா பெண்களோட நிலைமை மாறுமா, மாறாதா?

மாறும் என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் நடந்த மின்மயமாக்கலை டாரின் டிங்கல்மன் என்ற பொருளாதார ஆய்வாளர் ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார். மின்சாரம் வந்த இடங்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் வேலையில் இருக்கும் பெண்களின் விகிதம் 9 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியிருந்தது. வீட்டு வேலையில் மிச்சமான நேரமும், சிறிய அளவில் சொந்தத் தொழில் தொடங்க முடிந்ததும் காரணங்கள் என்று அவர் கருதினார். நிகரகுவாவின் கிராமங்களைப் பற்றிய ஆய்விலும் பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போவது கணிசமாகக் கூடியது. ஆண்களிடம் அப்படி மாற்றம் இல்லை.

மாறாது என்று சொல்லும் ஆய்வும் இருக்கிறது. மேற்குக் கென்யாவில் 150 ஊர்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சில வீடுகளுக்குச் சலுகை விலையில் இணைப்பு கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை, இரண்டரை ஆண்டுகள் கழித்துப் போனபோது வருமானத்திலோ வேலையிலோ சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறியிருக்கவில்லை.

ரெண்டும் எதிரெதிரா இருக்கே! எதை நம்புறது?

இரண்டையும் நம்பலாம். கென்யாவில் இணைப்பு பெற்ற வீடுகள் மாதத்துக்குச் செலவழித்த மின்சாரம் மிகக் குறைவு. விளக்கு, ஃபோன், சில வீடுகளில் ரேடியோ அல்லது டிவி. மிக்ஸியோ, ஹீட்டரோ, தையல் இயந்திரமோ வாங்கப் பணமும் இல்லை, கடனும் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் பல வீடுகள் மின்சாரத்தில் சமைக்கவே தொடங்கின. விறகு பொறுக்கும் வேலை குறைந்தது. நேரம் உண்மையாகவே மிஞ்சியது.

ஆக, கம்பியின் மறுமுனையில் என்ன சாதனம் செருகப்படுகிறது என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால், மின்மயமாக்கல் திட்டங்களின் அறிக்கைகளில் இணைப்புகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, புதிதாக வாங்கப்பட்ட தொழில் சாதனங்களின் எண்ணிக்கையையும் போட வேண்டும்.

தெருவோரத்தில சாப்பாடு விக்கிறவங்க ஏன் இன்னும் விறகையும் கரியையும் விடாம பிடிச்சிருக்காங்க?

இந்தக் கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. பலரும் அறியாமல் அதைச் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். அந்தப் பெண்கள் யாரையும்விட நன்றாகக் கணக்குப் பார்ப்பவர்கள். கரியை இன்றைக்கு வேண்டிய அளவு இன்றைக்கு வாங்கலாம். காலையில் கையில் இருக்கும் சில்லறையே போதும். காஸ் சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் வேண்டும். நேற்றைய வியாபாரம் மோசம் என்றால் இன்றைக்கு சிலிண்டர் மாற்ற முடியாது. பெரிய பானையை மணிக்கணக்கில் கொதிக்க வைக்கச் சாதாரண மின்னடுப்பால் ஆகாது. நடைபாதையில் கடை போடுபவருக்கு மின் இணைப்பு யார் கொடுப்பார்கள்?

ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் தெருவோர உணவுத் தொழிலை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதைத்தான். அந்தத் தொழிலின் உயிர்நாடி சமையல் வெப்பம்; அரசின் கொள்கைகளோ மின்சாரத்தையே குறிவைக்கின்றன. இதற்கு விலக்கும் உண்டு. செனகல் 1974-லேயே காடுகளைக் காக்க பியூட்டேன் காஸைப் பரப்பும் திட்டத்தைத் தொடங்கியது. சிறிய சிலிண்டர்களும் மானியமும் சேர்ந்தபோது நகரங்களின் அடுப்புகளில் காஸ் நன்றாகவே ஊன்றிக்கொண்டது. அப்படியிருந்தும் கரி மறையவில்லை. அவசரத்துக்குக் காஸ், நீண்ட நேரக் கொதிப்புக்குக் கரி என்று இரண்டையும் வைத்துக்கொள்வது பல நாடுகளிலும் காணும் பழக்கம். ஒன்று தீர்ந்தாலோ விலை ஏறினாலோ இன்னொன்று கைகொடுக்கும்.

புகையின் விலையையும் சொல்லாமல் விடக் கூடாது. வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்துச் சமைக்கும் பெண், இரண்டு மடங்கு நேரம் அந்தப் புகையில் நிற்கிறார்.

அடுப்பை மட்டும் மாத்தினா போதுமா? பெரிய முதலீடு இல்லாம பலன் வருமா?

வரும். கானாவின் 'சோர்கோர்' அடுப்பு நல்ல எடுத்துக்காட்டு. அக்ரா நகரத்தின் சோர்கோர் என்ற மீனவக் குடியிருப்பின் பெயர்தான் அந்த அடுப்புக்கும். 1960-களின் இறுதியில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் கானாவின் உணவு ஆராய்ச்சி நிலையமும் அங்குள்ள மீன் புகைபோடும் பெண்களோடு சேர்ந்து உருவாக்கியது. மண்ணால் நீள்சதுர அடுப்பு, அதன்மேல் அடுக்கடுக்காகத் தட்டுகள். பழைய உருளை அடுப்பைவிட விறகு குறைவு, ஒரே நேரத்தில் பல மடங்கு மீன். வேலையின் நுணுக்கம் தெரிந்த பெண்கள் வடிவமைப்பில் இருந்ததால் அது பல நாடுகளுக்குப் பரவியது.

ஆனால் அதில் புகைபோட்ட மீனில் உடலுக்குக் கேடான புகைச் சேர்மங்கள் அதிகம் என்று பின்னாளில் தெரிந்தது. ஏற்றுமதிக்குத் தடையானது. அதைச் சரிசெய்ய செனகலில் 'தியாரோய்' என்ற புதிய அடுப்பு முறை வந்தது. ஒரு நல்ல சாதனத்தையும் நாற்பது ஆண்டு கழித்துத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மின்வெட்டு எல்லாருக்கும்தான் வருது. பெண்களுக்கு மட்டும் என்ன தனி நட்டம்?

கம்பியில் ஓடும் மின்சாரம் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் நிற்கும். சமாளிக்கும் வழிதான் வேறு. கானாவில் 2012 முதல் சில ஆண்டுகள் நீண்ட மின்வெட்டுக்கு 'தும்சோர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அக்கான் மொழியில் அணை, ஏற்று என்று பொருள். அந்நாட்டின் சிறு தையல் கடைகளைக் கவனித்த ஓர் ஆய்வில், வாரத்தில் கூடுதலாக ஒரு நாள் மின்சாரம் போனால் அந்த வார லாபத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்தது. இந்தியத் தொழிற்சாலைகளைப் பற்றிய இன்னோர் ஆய்வில் சராசரி ஆலையின் வருவாய் 5 முதல் 10 சதவீதம் குறைந்தது. ஜெனரேட்டர் வைக்க வசதியில்லாத சிறிய ஆலைகளுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது.

இங்கேதான் வித்தியாசம். பெண்களின் தொழில்கள் சராசரியில் சிறியவை, முதலீடு குறைந்தவை. ஜெனரேட்டர் அவர்களுக்கு எட்டாது. ஆண் தையல்காரர் கரண்ட் வரும் நள்ளிரவில் கடையைத் திறந்து வேலையை முடிக்கலாம். பெண்ணுக்கு அந்த நேரத்தில் வெளியே போவது பல ஊர்களில் பாதுகாப்பில்லை. வீட்டில் குழந்தையும் இருக்கும்.

பெண்கள் நடத்துற கடையில லாபம் குறைவுன்னு எல்லா கணக்கும் சொல்லுது. அப்போ திறமைதானே குறைவு?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். ஏனென்றால் பொருளாதார அறிஞர்களே ஒரு காலம் இதில் தடுமாறினார்கள். இலங்கையில் 2005-ல் தொடங்கிய ஒரு சோதனையில், சிறு வியாபாரிகளுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்தார்கள். ஆண்களின் தொழிலில் லாபம் நன்றாக ஏறியது. பெண்களின் தொழிலில் சராசரியாக எந்த ஏற்றமும் இல்லை. பலரும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிட்டார்கள்.

பிறகு இலங்கை, இந்தியா, கானா மூன்று நாட்டுத் தரவுகளையும் வேறு சில ஆய்வாளர்கள் மறுபடி எடுத்தார்கள். 2019-ல் வந்த அந்த ஆய்வு, வீட்டில் வேறு யாராவது தொழில் செய்கிறார்களா என்று பார்த்தது. விடை அங்கே இருந்தது. கணவருக்கும் தொழில் இருந்தால், மனைவிக்குக் கிடைத்த பணம் கணவரின் தொழிலுக்குள் போயிருக்கிறது. வீட்டில் அந்தப் பெண்ணின் தொழில் ஒன்றுதான் என்றால், அவர் பெற்ற பலன் ஆண்களுடையதற்கு ஈடாக இருந்தது. பணம் பலன் தந்திருக்கிறது. கணக்கு வேறு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

கானாவின் தையல் தொழிலில் இன்னொரு காரணமும் தெரிந்தது. பெண் தையல்காரர்கள் ஒரே தெருவில் நெருங்கிக் கிடக்கிறார்கள். இருக்கிற ஆர்டரைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வாடிக்கையாளர் பற்றாக்குறை. அப்படிப்பட்ட கடைக்கு மின் தையல் இயந்திரம் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், அப்புறம் கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எரிசக்தித் திட்டம் போடுகிறவர்கள் சந்தையையும் பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று இது.

இணைப்பு யார் பேர்ல இருந்தா என்ன, கரண்ட் ஒண்ணுதானே?

விளக்குப் போடுவதற்கு ஒன்றுதான். தொழிலுக்கு அப்படி இல்லை. இணைப்புக்கு விண்ணப்பிக்க நிலப் பத்திரமோ வீட்டுப் பத்திரமோ கேட்பார்கள். அது கணவர், மாமனார், அண்ணன் பெயரில் இருக்கும். கூடுதல் லோடு கேட்கவும், மீட்டரைத் தனியாகப் பிரிக்கவும், ரசீதைக் காட்டிக் கடன் வாங்கவும் அந்தப் பெயர்க்காரரின் கையெழுத்து வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டாலோ ஊரில் இல்லாவிட்டாலோ வேலை நின்றுவிடும்.

கட்டணமும் ஒரு சுவர். கென்யாவில் 2015-ல் வீட்டு இணைப்புக் கட்டணத்தை 35,000 ஷில்லிங்கிலிருந்து 15,000 ஆகக் குறைத்தார்கள். பெயர் விஷயத்தை விதியிலேயே எழுதிய திட்டமும் உண்டு: இந்தியாவில் 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் காஸ் இணைப்பு வீட்டின் பெண் பெயரில்தான் வழங்கப்பட்டது. மறு சிலிண்டருக்குப் பணம் ஒதுக்குவதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது அதற்குப் பிறகும் வீட்டுக்குள் நடக்கும் பேச்சுதான்.

சோலார் போட்டுட்டா எல்லாம் தீர்ந்துடும்ல?

எந்தத் தொழில் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடியும். முதல் பதிலில் சொன்ன படிநிலையைப் பாருங்கள். சிறிய வீட்டு சோலார் முதல் இரண்டு படிகளுக்குள் அடங்கும். கடையில் விளக்கு, ஃபோன் சார்ஜ், சின்ன மின்விசிறி இவற்றுக்கு அருமையானது. மாவு அரைக்கவும் பெரிய பானையைக் கொதிக்க வைக்கவும் அதனால் ஆகாது.

சரியாகப் பொருந்தும் இடத்தில் பலன் பெரிது. குஜராத்தின் சின்ன கட்ச் ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியா குடும்பங்கள் உப்பு நீரை இறைக்க டீசல் பம்பை நம்பியிருந்தன. டீசல்தான் அவர்களின் மிகப் பெரிய செலவு; அதற்காகவே சீசன் தொடக்கத்தில் வியாபாரியிடம் கடன்பட்டார்கள். ஏலா பட் 1972-ல் தொடங்கிய சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் அங்கே சோலார் பம்புகளைக் கொண்டுவந்தது. வெயில் கொட்டும் இடம், பகலில் நடக்கும் வேலை, இறைப்பது மட்டுமே தேவை. எல்லாம் ஒத்துப்போனது.

பணம் கட்டும் முறையும் முக்கியம். கென்யாவில் 2007-ல் வந்த எம்-பெசா கைபேசிப் பணத்தின் துணையோடு, எம்-கோபா போன்ற நிறுவனங்கள் சோலாரைத் தினக் கட்டணத்தில் கொடுத்தன. அன்றாடம் கரி வாங்கியவருக்குப் பழகிய முறை அது. ஆனால் ஃபோனும் அதில் உள்ள கணக்கும் அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும்.

பெண்களே எரிசக்தியை விக்கிற தொழில் செய்ய முடியுமா?

செய்கிறார்கள். சோலார் சிஸ்டர் என்ற அமைப்பு ஆப்பிரிக்காவில் பெண்களைச் சேர்த்து, சோலார் விளக்கும் நல்ல அடுப்பும் விற்கப் பயிற்சி கொடுக்கிறது. ராஜஸ்தானின் திலோனியாவில் உள்ள பேர்ஃபுட் கல்லூரி, எழுத்துப் படிப்பு இல்லாத பாட்டிமார்களைப் பல நாடுகளிலிருந்து வரவழைத்து சோலார் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அடுப்பைப் பற்றி இன்னொரு பெண்ணிடம் பேசுவது விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் எளிது.

விளக்கு வந்ததும் ராத்திரி பத்து மணி வரை வேலை பார்க்கிறாங்க. இதுக்குப் பேரு முன்னேற்றமா?

நியாயமான கேள்வி. மேலே சொன்ன டிங்கல்மனின் ஆய்விலேயே இதன் நிழல் இருக்கிறது: மின்சாரம் வந்தபின் பெண்கள் அதிக நேரம் வேலை செய்தார்கள், ஆனால் அவர்களின் கூலி விகிதம் குறைந்தது; ஆண்களின் சம்பாத்தியம் கூடியது. நிறையப் பெண்கள் ஒரே நேரத்தில் வேலை தேடி வந்தால் அப்படித்தான் ஆகும்.

சில பெண்கள் என்னிடம், ராத்திரி வேலைதான் யாரும் குறுக்கிடாத நேரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் பகலின் சுமை அப்படியே இருக்க, அதன்மேல் இரவு வேலையும் ஏறினால் அதை முன்னேற்றம் என்று என்னால் எழுத முடியாது. விளக்கோடு சேர்ந்து மாவு மிஷினும் தண்ணீர்க் குழாயும் வந்தால் பகல் லேசாகும்.

மிஷின் வந்ததும் தொழில் ஆண்கள் கைக்குப் போயிடுதே, அதுக்கு என்ன பண்றது?

உண்மையில் நடப்பதுதான். கையால் இடித்தவரை பெண் வேலை. மோட்டார் வைத்ததும் மில் முதலாளி ஓர் ஆண். மாலியில் 1990-களில் ஐ.நா. உதவியோடு வந்த பல்பயன் மேடைத் திட்டம் இதை யோசித்துச் செய்யப்பட்டது. ஒரு டீசல் எஞ்சின். அதில் மாவரைக்கும் இயந்திரம், உமி நீக்கி, பேட்டரி சார்ஜர் எல்லாம் மாட்டலாம். ஊரின் பெண்கள் சங்கம் கேட்டு, தன் பங்குப் பணமும் போட்டால்தான் கொடுத்தார்கள். கணக்கும் பெண்கள் கையில். எஞ்சின் பழுதானால் மெக்கானிக்கைத் தேடி அலைந்ததும், டீசல் விலை ஏறினால் திணறியதும் உண்டு. ஆனாலும் உரிமையை முதல் நாளிலேயே எழுதி வைத்தது சரியான முடிவு. தொழில் லாபம் காட்டிய பிறகு உரிமையைப் பேச உட்கார்ந்தால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

எங்க குழு கையில கொஞ்சம் பணம்தான் இருக்கு. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

எதையும் வாங்கும் முன் ஒரு முழு நாள் அந்தப் பெண்ணின் தொழிலோடு கூடவே இருங்கள். விடிகாலை முதல் கடை மூடும்வரை. எரிபொருளுக்கு எவ்வளவு கொடுக்கிறார், எந்த வேலையில் அதிக நேரம் போகிறது, எந்த நேரத்தில் வாடிக்கையாளர் திரும்பிப் போகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். எரிபொருள்தான் பெரிய செலவு என்றால் அடுப்பிலிருந்து தொடங்குங்கள். கை வேலையில் நேரம் போகிறதென்றால் மோட்டார். ஆர்டரே இல்லை என்றால், தையல் கடைகளைப் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொண்டு, சாதனத்தைத் தள்ளிவைத்துவிட்டு வாடிக்கையாளரைத் தேடுங்கள்.

சாதனம் வாங்கும்போது ரசீது அவர் பெயரில் இருக்கட்டும். பழுது பார்ப்பவர் ஒரு நாள் நடையில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி போய் அதே போல ஒரு நாள் உட்காருங்கள். அப்போது விற்பனையோடு நிறுத்தாமல் இரண்டு விஷயம் கேளுங்கள்: லாபத்தில் அவர் தன் விருப்பப்படி செலவழித்தது எவ்வளவு, இரவு எத்தனை மணிக்குப் படுத்தார்.